காசநோய்க் கிருமியின் பரம்பரையலகுகளை ஏன் மாற்றுகிறார்கள்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், வீட்டில் ஒருவருக்கு ரிபி, அதாவது காசநோய், வந்து மார்புநோய் கிளினிக்குக்குப் போய்வரும் குடும்பங்களும் கேட்கிற கேள்விகள் இவை. "ரிபிக் கிருமியை ஆய்வுகூடத்தில் மாற்றுகிறார்களாம், உண்மையா?" என்றுதான் பெரும்பாலும் பேச்சுத் தொடங்கும். உண்மைதான். முப்பது வருடங்களுக்கு மேலாக நடக்கிற வேலை அது. எதற்காக, எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இருக்கிற மருந்துகளே ரிபியைக் குணமாக்குகின்றனவே. பிறகு எதற்குப் புதிது?

குணமாக்குகின்றன, அதில் சந்தேகம் வேண்டாம். சாதாரண ரிபிக்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், றிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்று நான்கு மருந்துகள் தருவார்கள். அடுத்த நான்கு மாதம் முதலில் சொன்ன இரண்டு மட்டும். இந்த நான்கில் ஒன்றுகூட 1970க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டதில்லை. அதற்குப் பின் முற்றிலும் புதிய முறையில் வேலை செய்யும் ஒரு ரிபி மருந்து, பெடாகுயிலின், அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2012 டிசம்பரில். இடையில் நாற்பது வருடத்துக்கும் மேல் வெறுமை.

அந்த நாற்பது வருடமும் கிருமி சும்மா இருக்கவில்லை. ஐசோனியாசிட்டுக்கும் றிபாம்பிசினுக்கும் ஒருசேர அடங்காத கிருமிகள் பரவின. 2023இல் உலகத்தில் 1 கோடியே 8 இலட்சம் பேருக்கு ரிபி வந்தது, 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இலங்கையில் வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் நோயாளிகளாகப் பதிவாகிறார்கள். மருந்துக்கு அடங்காத ரிபி நம் நாட்டில் குறைவு. ஆனால் கிருமிக்குக் கடவுச்சீட்டு தேவையில்லையே.

"மருந்து இலக்கு" என்று சொல்கிறார்களே, அது என்ன?

மருந்து கிருமிக்குள் போய் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கிற இடம். பெரும்பாலும் அது ஒரு புரதம், அதிலும் பெரும்பாலும் ஒரு நொதியம். றிபாம்பிசினுக்கு அது ஆர்என்ஏயை உருவாக்கும் நொதியம். நல்ல இலக்குக்கு இரண்டு தகுதி வேண்டும். அது இல்லாமல் கிருமி வாழக்கூடாது. நம் உடலில் அதே மாதிரி ஒன்று இருக்கக்கூடாது, அல்லது இருந்தாலும் மருந்து அதைத் தொடாத அளவுக்கு வித்தியாசமாக இருக்க வேண்டும்.

1998இல் ஸ்ருவேட் கோல் தலைமையிலான குழு எச்37ஆர்வி என்ற ரிபிக் கிருமி வகையின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்து வெளியிட்டது. சுமார் 44 இலட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,000 பரம்பரையலகுகள் (மரபணுக்கள்). பட்டியல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நாலாயிரத்தில் எதைத் தாக்கினால் கிருமி சாகும் என்று பட்டியல் சொல்லாது. ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிருமியை மாற்றுகிற வேலையின் நோக்கமே இதுதான்.

அந்தக் கிருமிக்குள் எப்படிக் கை வைக்கிறார்கள்?

மிகவும் சிரமப்பட்டு. பல்கலைக்கழகத்தில் ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ரிபிக் கிருமி இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஈ.கோலை தட்டில் மறுநாள் காலையில் கூட்டங்களை எண்ணலாம். ரிபி தட்டைத் திறக்க மூன்று நான்கு கிழமை பொறுத்திருக்க வேண்டும். ஒரு பரிசோதனை பிழைத்தால் ஒரு மாதம் போச்சு. அதோடு மெழுகு போன்ற தடித்த கலச்சுவர். மைக்கோலிக் அமிலம் நிறைந்த அந்தச் சுவரைத் தாண்டி வெளி டிஎன்ஏ உள்ளே போவது லேசுப்பட்டதல்ல. திரவத்தில் வளர்த்தால் கிருமிகள் கட்டிகட்டியாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

1987இல் நியூயோர்க்கின் அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஜேக்கப்ஸும் சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பற்றீரியாக்களைத் தாக்கும் வைரசுகள் உண்டு, பேஜ் என்பார்கள். ரிபிக் குடும்பத்தைத் தாக்கும் ஒரு பேஜை எடுத்து, அது ஈ.கோலைக்குள் ஒரு சாதாரண டிஎன்ஏ வளையமாகவும், ரிபிக் குடும்பத்துக்குள் வைரசாகவும் நடந்துகொள்ளும்படி மாற்றினார்கள். வேண்டிய வெட்டு ஒட்டு எல்லாவற்றையும் வேகமாக வளரும் ஈ.கோலையில் செய்து முடித்துவிட்டு, கடைசியில் பேஜின் முதுகில் ஏற்றி அனுப்பலாம். சுவரை உடைக்கிற வேலையை வைரசு பார்த்துக்கொள்ளும்.

1990இல் இன்னொரு உதவி கிடைத்தது. மைக்கோபற்றீரியம் ஸ்மெக்மாற்றிஸ் என்று ரிபிக் கிருமிக்கு ஒரு சாதுவான உறவு உண்டு. மண்ணில் வாழும், மூன்று நான்கு மணித்தியாலத்தில் இரட்டிக்கும், ஆரோக்கியமானவருக்கு நோய் தராது. வெளி டிஎன்ஏயை எளிதாக ஏற்கும் அதன் ஒரு வகையை ஜேக்கப்ஸ் குழுவே தேடிப் பிடித்தது. இன்றும் பல ஆய்வுகள் முதலில் இதில் செய்து பார்த்த பிறகுதான் உண்மையான ரிபிக் கிருமிக்குப் போகும்.

நாலாயிரத்தையும் ஒவ்வொன்றாகவா கெடுப்பார்கள்? ஆயுள் போதாதே!

போதாதுதான். அதனால் ஒரேயடியாகக் கெடுக்கிறார்கள். தாவும் டிஎன்ஏ துண்டுகள் இருக்கின்றன, ரான்ஸ்போசோன் என்று பெயர். ரிபி ஆய்வில் அதிகம் பயன்படுவது மரைனர் குடும்பத்தது. டிஎன்ஏயில் ரி, ஏ என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் மட்டும் போய்ச் செருகிக்கொள்ளும். எச்37ஆர்வியில் அப்படிப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 74,600. பேஜ் மூலம் இந்தத் துண்டைக் கோடிக்கணக்கான கிருமிகளுக்குள் விட்டால், ஒவ்வொரு கிருமியிலும் ஏதோ ஓரிடத்தில் செருகி, அங்குள்ள பரம்பரையலகைக் குழப்பிவிடும்.

இப்போது எல்லாவற்றையும் வளர விடுவார்கள். அவசியமில்லாத பரம்பரையலகு குழம்பிய கிருமி வளரும். அவசியமானது குழம்பியது செத்துப்போகும், தட்டில் தடயமே இருக்காது. வளர்ந்தவற்றை மொத்தமாக அள்ளி, செருகல்கள் எங்கெங்கே என்று டிஎன்ஏயை வாசித்தால் ஒரு வரைபடம் வரும். எந்தப் பரம்பரையலகில் ஒரு செருகல்கூட இல்லையோ அதுதான் கிருமியின் உயிர்நிலை. இல்லாததை வைத்து இருப்பதைக் கண்டுபிடிக்கிற இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

கிறிஸ்ரோபர் சசெற்றி, எரிக் ரூபின் குழு 2003இல் இப்படிப் பார்த்து, நன்றாக வளர்வதற்கு 614 பரம்பரையலகுகள் தேவை என்றது. அன்று கையில் இருந்தது பழைய கருவி. 2017இல் செருகல்களை மிக நெருக்கமாக வைத்துச் செய்த ஆய்வில் கண்டிப்பாக அவசியமானவை 460 அளவுக்கு வந்தன. ஆக நாலாயிரத்தில் ஏறத்தாழ ஒன்பதிலொரு பங்கு.

அவசியமானதைக் கெடுத்தால் கிருமி செத்துவிடும். செத்த கிருமியில் என்னத்தை ஆராய்வது?

மாணவர்கள் கேட்கிற கேள்விகளில் இதுதான் மிகச் சரியான கேள்வி. துறையையே பல வருடம் மறித்து நின்றதும் இதுதான்.

விடை, கெடுக்காமல் குறைப்பது. இரணைமடுத் துருசை நினைத்துக்கொள்ளுங்கள். துருசைக் கால்வாசி மூடினாலே வாய்க்காலின் கடைசி வயல் காய்ந்துவிடும். தலைப்பு வயல்காரருக்கோ முக்கால்வாசி மூடும்வரை ஒன்றும் தெரியாது. இரண்டு வயலுக்கும் தண்ணீர் அவசியம்தான், ஆனால் பாதிக்கப்படும் அளவு வேறு. பரம்பரையலகுகளும் அப்படியே. சிலவற்றின் உற்பத்தியைச் சற்றுக் குறைத்தாலே கிருமி தள்ளாடும். சிலவற்றைத் தொண்ணூறு வீதத்துக்கு மேல் அடக்கினாலும் அசையாது.

மருந்து செய்கிறவருக்கு இது உயிர்நாடியான தகவல். எந்த மருந்தும் ஒரு நொதியத்தை நூற்றுக்கு நூறு அடைக்காது. கொஞ்சம் அடைத்தாலே சாகும் இடமாகத் தேட வேண்டும். வெறும் "அவசியம்" என்ற முத்திரையை நம்பி இறங்கிய எத்தனையோ முயற்சிகள் வீணானதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்படிக் குறைப்பதற்கு ரெட்ராசைக்கிளின் போன்ற பொருளைச் சேர்த்தால் திறக்கும், எடுத்தால் மூடும் மரபணு ஆளிகளை 2005 வாக்கில் கொண்டுவந்தார்கள். பிறகு டிஎன்ஏயில் சொன்ன இடத்தைத் தேடிப் பிடிக்கும் கிறிஸ்பர் என்ற கருவி வந்தது. இங்கே பயன்படுவது டிஎன்ஏயை வெட்டும் கிறிஸ்பர் அல்ல. வெட்டும் பல்லைப் பிடுங்கிய காஸ்9 புரதம், சொன்ன இடத்தில் போய்க் குந்திக்கொண்டு பரம்பரையலகு வாசிக்கப்படுவதைத் தடுக்கும். ஜெரமி றொக் முதலானோர் 2017இல் ரிபிக் கிருமிக்குப் பொருத்தமான ஒரு காஸ்9ஐ வேறொரு பற்றீரியாவிலிருந்து எடுத்துச் சீரமைத்தார்கள். 2021இல் அந்தக் கருவியால் கிட்டத்தட்ட எல்லாப் பரம்பரையலகுகளையும் வெவ்வேறு அளவில் அடக்கி, எது எவ்வளவு பலவீனமானது என்று வரிசைப்படுத்தினார்கள். அமினோ அமிலத்தை, புரதம் கட்டும் இடத்துக்கு அதைச் சுமந்து செல்லும் ரிஆர்என்ஏயோடு இணைக்கும் நொதியங்கள் பல அந்த வரிசையில் மேலே இருந்தன. அவற்றில் ஒன்றைத் தாக்கும் கன்ஃபிபோறோல் என்ற மருந்து இப்போது நோயாளிகளிடம் சோதனையில் இருக்கிறது.

பலவீனமாக்கிய கிருமியை வைத்து நேரடியாக மருந்து தேடலாமா?

தேடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அவசியமான ஒரு புரதம் மட்டும் குறைவாக உள்ள கிருமி வகைகள் நூற்றுக்கும் மேல் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் டிஎன்ஏயில் ஓர் அடையாள எண் எழுதி, எல்லாவற்றையும் ஒரே குழியில் கலந்து, சுமார் 50,000 இரசாயனச் சேர்வைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். டெபோரா ஹங் குழு 2019இல் வெளியிட்ட வேலை. எந்த எண் குறைகிறதோ அந்தப் புரதத்தைத்தான் அந்தச் சேர்வை தாக்குகிறது என்று ஊகிக்கலாம். சாதாரணக் கிருமியை ஒன்றும் செய்யாத சேர்வைகள்கூட இந்தப் பலவீனக் கிருமிகளில் அகப்பட்டன. இப்படித்தான் ஈஎப்பிஏ என்ற, அதுவரை எந்த மருந்தும் தொடாத புரதத்தைத் தடுக்கும் சேர்வை ஒன்று கிடைத்தது.

மரபணு மாற்றம் உண்மையில் உதவியதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்ல முடியுமா?

ஐசோனியாசிட்டே போதும். 1952இலிருந்து உலகம் விழுங்கும் குளிசை. ஆனால் அது எங்கே தாக்குகிறது என்று நாற்பது வருடம் தெளிவாகத் தெரியாது. 1992இல் மருந்துக்கு அடங்காத சில கிருமிகளில் கட்ஜி என்ற பரம்பரையலகு காணாமல் போயிருந்ததைக் கண்டார்கள். அதை அடங்காத வகைக்குள் திரும்பச் செலுத்தியபோது அது மறுபடி மருந்துக்கு அடங்கியது. விளங்கியது என்னவென்றால், நாம் விழுங்குவது மருந்தின் அரைகுறை வடிவம்தான். கிருமியின் சொந்த நொதியம்தான் அதை முழு விஷமாக்குகிறது. கிருமி அந்த நொதியத்தைக் கைவிட்டுவிட்டால் விஷம் உருவாகாது.

அந்த விஷம் தாக்கும் இடம் இன்ஹெச்ஏ என்று 1994இல் சுட்டினார்கள். மைக்கோலிக் அமிலம் செய்யும் நொதியம் அது. சிலர் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு இலக்குகளைச் சொன்னார்கள், சர்ச்சை நீண்டது. 2006இல் ஜேக்கப்ஸ் குழு இன்ஹெச்ஏயில் ஒரேயொரு எழுத்து மாற்றத்தை மட்டும் ரிபிக் கிருமிக்குள் பேஜ் மூலம் செருகியது. வேறெதையும் தொடவில்லை. அந்தக் கிருமி ஐசோனியாசிட்டுக்கு அடங்கவில்லை. வழக்கு முடிந்தது.

பெடாகுயிலின் எதிர்ப்பக்கமிருந்து வந்தது. மருந்து முதலில் கிடைத்தது, அதுவும் ஸ்மெக்மாற்றிஸில் தேடியபோது. அதற்கு அடங்காத கிருமிகளின் டிஎன்ஏயை வாசித்தால் எல்லாவற்றிலும் ஏரிபிஈ என்ற பரம்பரையலகில் விகாரம், அதாவது எழுத்து மாற்றம். அந்த விகாரத்தை நல்ல கிருமிக்குள் வைத்ததும் அதுவும் அடங்காமல் போனது. 2005இல் வெளியான இந்த ஆய்வுதான் கிருமிக்குச் சக்தி தயாரிக்கும் ஏரிபி சிந்தேசு ஒரு இலக்கு என்று காட்டியது. அந்த நொதியம் நமக்கும் இருக்கிறது, ஆனால் மருந்து கிருமியுடையதைத்தான் பல்லாயிரம் மடங்கு நன்றாகப் பிடிக்கும்.

தட்டில் சாகிற கிருமி நெஞ்சுக்குள்ளும் சாகுமா?

எப்போதும் இல்லை. தட்டில் கிருமிக்கு நாம் சீனியும் கிளிசரோலும் ஊட்டுகிறோம். நுரையீரலில் அது நம் வெண்குருதிக் கலங்களுக்குள் ஒளிந்திருந்து கொழுப்பைத் தின்கிறது. கொழுப்பை மட்டும் உண்டு வாழ ஐசோசிற்றேற்று லையேசு என்ற நொதியம் வேண்டும். 2000இல் அதை உருவாக்கும் பரம்பரையலகுகளில் ஒன்றை நீக்கிய கிருமியை எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் வழக்கம்போலத் தொற்றியது, பிறகு நீண்டகாலம் தங்கி நிற்க முடியவில்லை. நல்ல இலக்கு என்று எல்லோரும் பாய்ந்தார்கள். ஆனால் அந்த நொதியத்தின் வாய் மிகச் சிறியது, மருந்து மூலக்கூறு நுழைய இடமில்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் அதிலிருந்து மருந்து வரவில்லை. இலக்குக் கிடைத்தால் மருந்து கிடைத்தது என்று பத்திரிகைகள் எழுதும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

2009இல் செட்டிகுளம் முகாம்களில் நெருக்கமாக இருந்தோம். அப்போது தொற்றிய கிருமி இப்போது எழும்புமா?

எழும்பக்கூடும், ஆனால் வாய்ப்புக் குறைவு. தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். அவர்களிலும் பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். நீரிழிவு, எச்ஐவி, சிறுநீரக நோய், வயது, புகைத்தல் இருந்தால் வாய்ப்புக் கூடும். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, காய்ச்சல், மெலிவு இருந்தால் மாவட்ட மார்புநோய் சிகிச்சை நிலையத்தில் சளியைக் கொடுங்கள். காசு இல்லை.

உறங்கும் கிருமி உறங்குவதெப்படி என்பதும் பரம்பரையலகுகளைக் கெடுத்துத்தான் ஆராயப்படுகிறது. ஒட்சிசன் குறைந்தால் ஐம்பது அளவு பரம்பரையலகுகளை ஒருமிக்க எழுப்பும் டொஸ்ஆர் என்ற ஆளியை அப்படித்தான் அறிந்தார்கள்.

மாற்றிய கிருமி வெளியே வந்தால் எங்கள் கதி என்ன?

பயம் நியாயமானது. ரிபிக் கிருமியை, மாற்றியதோ மாற்றாததோ, மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வுகூடத்தில்தான் வளர்க்கலாம். அங்கே காற்று உள்நோக்கியே இழுக்கப்படும், வெளியேறும் காற்று வடிகட்டப்படும். அதற்கு மேல், பரம்பரையலகு நீக்கப்பட்ட கிருமி பெரும்பாலும் மூலக் கிருமியை விட நோஞ்சான்தான். பன்ரோதெனேற்று, லியூசின் என்ற இரண்டு சத்துகளையும் தானே செய்யத் தெரியாதபடி வெட்டப்பட்ட வகைகள் இருக்கின்றன. ஊட்டினால்தான் உயிர், நம் உடலில் பெருகாது. அதனால் அவற்றைச் சற்றுக் குறைந்த பாதுகாப்பு நிலையிலும் கையாள அனுமதிக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமியை உருவாக்குவது ஆய்வில் நடக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அடங்காத ரிபி பரவுவது ஆய்வுகூடங்களிலிருந்து அல்ல. அது அரைகுறையாக விட்ட சிகிச்சையில் பிறந்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் காற்றில் போகிறது.

பிள்ளைக்குப் போட்ட பிசிஜி தடுப்பூசியும் மாற்றிய கிருமிதானே?

உயிருள்ள, பலவீனமாக்கிய கிருமி. ஆனால் யாரும் திட்டமிட்டு டிஎன்ஏயை வெட்டவில்லை. கல்மேற், கெரான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் மாட்டு ரிபிக் கிருமியை 1908 முதல் பதின்மூன்று வருடம் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள், அது தானே சாதுவானது. எந்தத் துண்டைத் தொலைத்தது என்பது 1990களில்தான் தெரிந்தது.

மருந்தை விழுங்கினால் வயிற்றைப் பிரட்டுகிறது. புது மருந்து வரும்வரை நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. கிளினிக்கில் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்பார்கள்.

இந்த ஆராய்ச்சி நம் பக்கத்தில் நடக்க வாய்ப்பு உண்டா?

ரிபிக் கிருமியின் பரம்பரையலகுகளை மாற்றும் வேலை எளிதில் வராது. வெலிசறையில் உள்ள தேசிய ரிபி ஆய்வுகூடம் கிருமியை வளர்த்து மருந்துக்கு அடங்குமா என்று பார்க்கிறது, அது வேறு வேலை. ஆனால் ஸ்மெக்மாற்றிஸுக்கு ஒரு சாதாரண நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் போதும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ ஓர் ஆர்வமுள்ள விரிவுரையாளர் தொடங்கினால் முடியாத காரியம் இல்லை.

இந்த அறிவின் பயன் நமக்கு ஏற்கெனவே வந்தும்விட்டது. சளியை இயந்திரத்தில் வைத்து இரண்டு மணித்தியாலத்தில் விடை தரும் ஜீன்எக்ஸ்பேர்ட் பார்ப்பது ஆர்பிஓபி என்ற பரம்பரையலகின் ஒரு சிறு பகுதியை. அங்கே விகாரம் இருந்தால் றிபாம்பிசின் வேலை செய்யாது.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இந்தத் துறையில் இப்போதே எதையாவது தொட்டுப் பார்க்க முடியுமா?

முடியும், கைபேசி போதும். மைக்கோபிறவுசர் என்ற இணையத்தளத்தில் எச்37ஆர்வியின் எல்லாப் பரம்பரையலகுகளும் இலவசமாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆர்வி என்று தொடங்கும் எண் உண்டு. ஆர்வி0667 றிபாம்பிசினின் இலக்கு, ஆர்வி1305 பெடாகுயிலினுடையது, ஆர்வி1484 இன்ஹெச்ஏ. அவசியமா இல்லையா என்று வெவ்வேறு ஆய்வுகள் சொன்னதும் அந்தப் பக்கங்களிலேயே இருக்கும். செருகல்களை எண்ணும் ஆய்வுகளில் பாதி வேலை கணினியும் புள்ளிவிவரமும்தான், ஆகவே கணிதத்தைக் கைவிடாதீர்கள். முதலில் ஆர்வி1908சி, அதாவது கட்ஜியைத் திறந்து பாருங்கள். ஒட்டியே ஆர்வி1909சி இருக்கும், கட்ஜியை அடக்கி வைக்கும் புரதம் அதிலிருந்து வருகிறது. அந்த அடக்கும் புரதத்தைக் கெடுத்தால் கிருமி ஐசோனியாசிட்டுக்குக் கூடுதலாக அடங்குமா, குறைவாக அடங்குமா என்று விடையைத் தேடுவதற்கு முன் நீங்களே யோசித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.